தராசே இல்லாமல் கேலக்ஸி கூட்டத்தை எடை போடுவது எப்படி? விஞ்ஞானிகள் கையில் இருக்கும் 3 வழிகள்! முழு விளக்கம்

யானையை எடை போட்ட கதையை சின்ன வயதில் கேட்காதவர்கள் குறைவு. யானையை நிறுத்தும் அளவுக்குத் தராசு இல்லை. அதனால் யானையைப் படகில் ஏற்றி, தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று கோடு போட்டார்கள். பிறகு யானையை இறக்கிவிட்டு, அதே கோடு வரும்வரை கற்களை ஏற்றி, அந்தக் கற்களை எடை போட்டார்கள்.

விண்வெளி ஆய்வாளர்களும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறார்கள். ஒரே வித்தியாசம், இவர்களுடைய யானை பல கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் நிற்கிறது. பக்கத்தில் போகவும் முடியாது, தொட்டுப் பார்க்கவும் முடியாது. அதன் பெரும்பகுதி கண்ணுக்கும் தெரியாது!

அந்த யானையின் பெயர் கேலக்ஸி கொத்து. அதன் எடை எவ்வளவு, உள்ளே வாயு எவ்வளவு, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள், பிரபஞ்சத்தைப் பற்றிய நம் புரிதலையே மாற்றிவிட்டன. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

கேலக்ஸி கொத்து என்றால் என்ன?

நம் சூரியன் இருப்பது பால்வீதி என்ற கேலக்ஸியில். இதுபோன்ற நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் ஈர்ப்பு விசையால் ஒன்றாகக் கட்டுண்டு கிடப்பதுதான் கேலக்ஸி கொத்து. ஈர்ப்பு விசையால் கட்டுண்ட அமைப்புகளில் பிரபஞ்சத்தில் இதைவிடப் பெரியது கிடையாது.

உதாரணத்துக்கு, கோமா கொத்து. நம்மிடம் இருந்து சுமார் 32 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதாவது, இன்று டெலஸ்கோப்பில் வந்து விழும் அதன் வெளிச்சம், அங்கிருந்து 32 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கிளம்பியது. பூமியில் டைனோசர்கள்கூட அப்போது பிறக்கவில்லை.

(அறிவியல் மொழியில் 'நிறை' என்பதுதான் சரியான சொல். புரிவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று இந்தக் கட்டுரையில் 'எடை' என்றே சொல்கிறோம்.)

முதல் வழி: எவ்வளவு வேகமாக ஓடுகிறது?

கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால், கல் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு பலமாகக் கயிறு இழுக்க வேண்டும். கயிறு பலவீனமாக இருந்தால் அறுந்து, கல் பறந்துவிடும். கேலக்ஸி கொத்தில் கயிறாக இருப்பது ஈர்ப்பு விசை. அந்த ஈர்ப்பு விசை வருவது எடையில் இருந்து. அப்படின்னா, கேலக்ஸிகள் ஓடும் வேகம் தெரிந்தால் மொத்த எடையைக் கணக்கிட்டுவிடலாம்.

இதை முதலில் செய்து பார்த்தவர் சுவிஸ் நாட்டைச் சேர்ந்த விண்வெளி இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் ஜ்விக்கி. அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1933-ல் கோமா கொத்தை எடுத்துக்கொண்டார். கண்ணுக்குத் தெரியும் கேலக்ஸிகளின் எடையை மட்டும் வைத்துப் பார்த்தால், அவை ஒன்றுக்கொன்று நொடிக்கு சுமார் 80 கி.மீ. வேக வித்தியாசத்தில்தான் ஓட வேண்டும். ஆனால் உண்மையில் அது நொடிக்கு 1,000 கி.மீ. அளவுக்கு இருந்தது.

இந்த வேகத்தில் ஓடினால் கொத்து எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். சிதறவில்லை. அப்போ, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. தெரியும் பொருளைப்போல குறைந்தது 400 மடங்கு பொருள் அங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்ட ஜ்விக்கி, அதை ஜெர்மன் மொழியில் 'இருண்ட பொருள்' என்று குறிப்பிட்டார். இன்று நாம் 'டார்க் மேட்டர்' என்று சொல்லும் கரும்பொருள் அதுதான்.

தூரம் தப்பினால் எல்லாமே தப்பு!

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். ஜ்விக்கி சொன்ன முடிவு சரி. ஆனால் 400 என்ற எண் தப்பு!

காரணம், தூரம். பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருப்பதால், தொலைவில் இருக்கும் கேலக்ஸிகள் நம்மை விட்டு விலகுவதுபோல் தெரியும். தூரம் கூடக்கூட விலகும் வேகமும் கூடும். இந்த விகிதத்துக்குப் பெயர் ஹபிள் மாறிலி. இது தெரிந்தால், விலகும் வேகத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். மெகாபார்செக் என்ற தூர அலகுக்கு, அதாவது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு, நொடிக்கு 558 கி.மீ. என்பதுதான் அன்று பயன்பாட்டில் இருந்த மதிப்பு. இன்றைய மதிப்பு சுமார் 70 மட்டுமே.

அதனால் கோமா கொத்து 4.5 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருப்பதாக ஜ்விக்கி எடுத்துக்கொண்டார். உண்மையான தூரம் அதைப்போல 7 மடங்கு. தூரம் 7 மடங்கு கூடினால், வேகத்தை வைத்துக் கணக்கிடும் மொத்த எடையும் 7 மடங்கு கூடும். ஆனால் கேலக்ஸிகளின் உண்மையான வெளிச்சமோ 7 பெருக்கல் 7, அதாவது 49 மடங்கு கூடிவிடும். வெளிச்சம் கூடினால் நட்சத்திரங்களின் எண்ணிக்கையும் கூடுகிறது என்று அர்த்தம். ஆக, தெரியும் பொருளுக்கும் தெரியாத பொருளுக்கும் இடையிலான வித்தியாசம் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

அப்படியும் வித்தியாசம் காணாமல் போகவில்லை. சுமார் 50 மடங்கு மிச்சம் இருக்கிறது. அதில் ஒரு பகுதிக்கு விடை வேறு இடத்தில் இருந்தது.

இரண்டாம் வழி: கொதிக்கும் வாயு

கேலக்ஸிகளுக்கு நடுவே வெற்றிடம்தான் இருக்கிறது என்று பல காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதை மாற்றியது எக்ஸ்ரே.

விண்வெளியில் இருந்து வரும் எக்ஸ்ரே கதிர்களைப் பூமியின் வளிமண்டலம் தடுத்துவிடும். ஆகவே மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே வானியலுக்கென்றே உருவாக்கப்பட்ட முதல் செயற்கைக்கோள் 1970 டிசம்பர் 12-ம் தேதி கென்யா கடற்கரையில் இருந்து ஏவப்பட்டது. அன்று கென்யாவின் சுதந்திர தினம் என்பதால், ஸ்வாஹிலி மொழியில் விடுதலை என்று பொருள்படும் 'உஹுரு' என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட ரிக்கார்டோ ஜியாக்கோனிக்கு 2002-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

உஹுரு பார்த்தபோது, கேலக்ஸி கொத்துகள் முழுவதும் எக்ஸ்ரேயில் ஜொலித்தன. தனித்தனி கேலக்ஸிகள் மட்டும் அல்ல, இடைவெளிகளும் சேர்த்து! பிறகு 1976-ல் பிரிட்டனின் ஏரியல் 5 செயற்கைக்கோள், பெர்சியஸ் கொத்தில் இருந்து வந்த எக்ஸ்ரேயில் இரும்பின் அடையாளத்தைக் கண்டுபிடித்தது. எக்ஸ்ரேயை வெளியிடுவது மிகச் சூடான வாயுதான் என்பது அதோடு உறுதியானது.

எவ்வளவு சூடு? 1 கோடி டிகிரியில் இருந்து 10 கோடி டிகிரி வரை. ஆனால் அடர்த்தி மிக மிகக் குறைவு. ஒரு கன மீட்டர் இடத்தில் சுமார் ஆயிரம் துகள்கள்தான் இருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அதை வெற்றிடம் என்றே சொல்லலாம். ஆனாலும் கொத்து அவ்வளவு பெரியது என்பதால், இந்த வாயுவைக் கூட்டிப் பார்த்தால் அங்கிருக்கும் நட்சத்திரங்கள் எல்லாவற்றையும்விட இது பல மடங்கு எடை!

சரி, வாயுவை வைத்து மொத்த எடையைச் சொல்வது எப்படி? பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆவியின் அழுத்தம் எவ்வளவு இருந்தாலும் மூடி பிடித்து வைத்திருக்கிறது. அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்தால், மூடி எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்றும் சொல்லிவிடலாம். 10 கோடி டிகிரி வாயு நாலாபக்கமும் சிதறத் துடிக்கிறது. அதைப் பிடித்து வைத்திருக்கும் மூடி, கொத்தின் ஈர்ப்பு விசை. எக்ஸ்ரேயில் இருந்து வாயுவின் வெப்பநிலையும் அடர்த்தியும் தெரிந்தால், ஈர்ப்பு விசை தெரியும். அதில் இருந்து எடையும் தெரியும்.

இந்த வேலையில் மிகவும் கைகொடுத்தது, 1999 ஜூலையில் நாசா ஏவிய சந்திரா எக்ஸ்ரே ஆய்வகம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாகத்தான் அதற்கு 'சந்திரா' என்று பெயர் வைக்கப்பட்டது.

இந்த வழியில் கிடைத்த கணக்கு இதுதான். பெரிய கொத்து ஒன்றில் நட்சத்திரங்கள் சில சதவீதம். சூடான வாயு 10 முதல் 15 சதவீதம். மீதி 80 சதவீதத்துக்கும் மேல் கரும்பொருள்!

மூன்றாம் வழி: வளையும் வெளிச்சம்

தண்ணீர் நிரம்பிய கண்ணாடி டம்ளர் வழியாகப் பேப்பரைப் பார்த்தால் எழுத்துகள் வளைந்தும் நெளிந்தும் தெரியும். எடை மிகுந்த எந்தப் பொருளும் தன் அருகே வரும் வெளிச்சத்தை இப்படி வளைக்கும் என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு. கேலக்ஸிகளே லென்ஸ் போலச் செயல்படலாம் என்று 1937-ல் எழுதியவர், அதே ஜ்விக்கிதான்.

1980-களின் பிற்பகுதியில் ஏபெல் 370 என்ற கொத்தில் வில்போல் வளைந்த ஒளிக்கோடு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. கொத்துக்குப் பின்னால், வெகு தொலைவில் இருக்கும் இன்னொரு கேலக்ஸியின் வெளிச்சம்தான் இப்படி வளைந்து தெரிகிறது என்பது ஆய்வில் உறுதியானது. எவ்வளவு வளைகிறது என்று அளந்தால், வளைக்கும் கொத்தின் எடை கிடைக்கும்.

இந்த வழியில் ஒரு பெரிய சவுகரியம் உண்டு. வாயு எவ்வளவு சூடு, கேலக்ஸி எவ்வளவு வேகம் என்ற எந்தக் கவலையும் வேண்டாம். எடை இருந்தால் வெளிச்சம் வளையும், அவ்வளவுதான். மூன்று தனித்தனி வழிகள். மூன்றும் சொன்ன பதில் ஒன்றே: கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான்.

புல்லட் கொத்து: கையும் களவுமாகச் சிக்கிய கரும்பொருள்

"கரும்பொருள் என்று எதுவும் இல்லை, ஈர்ப்பு விசை பற்றிய நம் சூத்திரத்தில்தான் தவறு" என்று ஒரு தரப்பு ஆய்வாளர்கள் சொல்லி வந்தார்கள். அவர்களுக்கு மிகப் பெரிய சவாலாக வந்தது புல்லட் கொத்து.

சுமார் 370 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு கொத்துகள் நேருக்கு நேர் மோதிக் கடந்து சென்றிருக்கின்றன. கேலக்ஸிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் அவை இடிபடாமல் கடந்துவிட்டன. வாயு அப்படி அல்ல. ஒன்றோடு ஒன்று மோதி, வேகம் குறைந்து, நடுவிலேயே பின்தங்கிவிட்டது. இதை சந்திரா எக்ஸ்ரேயில் படம் பிடித்தது.

இப்போது கேள்வி: எடை எங்கே இருக்கிறது? சாதாரணப் பொருளில் பெரும்பகுதி வாயுதான். கரும்பொருள் இல்லை என்றால், வெளிச்சம் அதிகமாக வளைவது வாயு இருக்கும் இடத்தில்தான் நடக்க வேண்டும். ஆனால் 2006-ல் வெளியான ஆய்வு முடிவு அப்படிச் சொல்லவில்லை. வாயு நடுவில் நின்றது. எடையோ, கேலக்ஸிகளோடு சேர்ந்து இரண்டு பக்கமும் தள்ளிப் போயிருந்தது. வாயு வேறு, எடை வேறு என்று தனித்தனியாகப் பிரிந்து தெரிந்த அந்தப் படம், கரும்பொருளுக்கான வலுவான ஆதாரங்களில் ஒன்றாக இன்றும் கருதப்படுகிறது.

வாயுவை வைத்தே தூரத்தையும் அளக்கலாமா?

அளக்கலாம். அதற்கு உதவுவது, சோவியத் விஞ்ஞானிகள் ரஷித் சுன்யாயேவ், யாகோவ் செல்டோவிச் இருவரும் 1970-களின் தொடக்கத்தில் முன்வைத்த விளைவு.

பெருவெடிப்பின் மிச்ச ஒளி இன்றும் வானம் முழுவதும் மைக்ரோவேவ் வடிவில் பரவிக் கிடக்கிறது. அதன் வெப்பநிலை சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். இந்தக் குளிர்ந்த ஒளி, கொத்தின் கொதிக்கும் வாயு வழியே வரும்போது, அதில் சிறு பகுதி எலக்ட்ரான்களிடம் முட்டி ஆற்றல் பெறுகிறது. விளைவு, குறைந்த அதிர்வெண்களில் பார்த்தால் வானத்தில் கொத்து இருக்கும் இடத்தில் மட்டும் லேசான நிழல் விழுந்ததுபோல் தெரியும்.

கொஞ்சம் சிம்பிளா பார்ப்போம். ஒரு திருவிழாக் கூட்டத்தில் ஆட்கள் இரண்டு மடங்கானால், ஒருவரோடு ஒருவர் இடித்துக்கொள்வது நான்கு மடங்காகும். வாயுவில் எக்ஸ்ரே உருவாவது துகள்கள் இரண்டு இரண்டாக நெருங்கும்போதுதான். எனவே அது அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது. மைக்ரோவேவ் நிழலோ, வழியில் எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்ற எண்ணிக்கையை மட்டும் பொறுத்தது. வாயுவின் வெப்பநிலையைத் தெரிந்துகொண்டு இரண்டையும் ஒப்பிட்டால், வாயு மேகம் நம் பார்வைத் திசையில் எத்தனை ஒளியாண்டு ஆழம் என்பது கிடைத்துவிடும்.

ஆழமும் அகலமும் ஏறத்தாழ ஒன்று என்று வைத்துக்கொண்டால், உண்மையான அகலம் தெரிந்துவிடும். தெரிந்த அளவுள்ள பஸ் ஒன்று எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்பதை வைத்து அது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சொல்கிறோமே, அதே லாஜிக்தான்! எல்லாக் கொத்தும் உருண்டையாக இருக்காது என்பதால், பல கொத்துகளை அளந்து சராசரி எடுக்க வேண்டும். 2006-ல் இப்படி 38 கொத்துகளை அளந்த ஆய்வில், ஹபிள் மாறிலி சுமார் 77 என்று வந்தது. 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்

பிரபஞ்சம் முழுவதையும் எடை போட முடியுமா? 1993-ல் சைமன் வைட் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு குறுக்கு வழி காட்டியது. கேலக்ஸி கொத்து அவ்வளவு பெரியது என்பதால், பிரபஞ்சத்தில் சாதாரணப் பொருளும் கரும்பொருளும் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றனவோ, அதே விகிதம்தான் கொத்திலும் இருக்க வேண்டும். சோறு வெந்ததா என்று பார்க்கப் பானை முழுவதையும் கொட்டத் தேவையில்லையே!

இன்றைய எண்களில் சொன்னால், பொருள்களின் மொத்த எடையில் சாதாரணப் பொருளின் பங்கு சுமார் 16 சதவீதம். பிரபஞ்சத்தின் மொத்த இருப்பில் சாதாரணப் பொருள் சுமார் 5 சதவீதம் மட்டுமே. 5-ஐ 16-ஆல் வகுத்தால் சுமார் 31 சதவீதம். அதாவது, சாதாரணப் பொருள், கரும்பொருள் இரண்டையும் சேர்த்தாலும் பிரபஞ்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை!

பொருள்தான் எல்லாம் என்று பலர் நம்பிய காலம் அது. மீதி எங்கே என்ற கேள்விக்கு 1998-ல் பதில் வந்தது. பிரபஞ்சத்தின் விரிவு வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று சூப்பர்நோவாக்களை ஆராய்ந்த இரண்டு குழுக்கள் அறிவித்தன. அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் 'டார்க் எனர்ஜி'தான் மீதி 68 சதவீதம். 2004-ல் சந்திரா அளந்த 26 கொத்துகளின் வாயு விகிதமும், சூப்பர்நோவாவின் உதவியே இல்லாமல், அதே முடிவைச் சொன்னது.

தராசு தப்பினால் என்ன ஆகும்?

எல் கோர்டோ என்ற கொத்து இதற்கு நல்ல உதாரணம். ஸ்பானிஷ் மொழியில் 'குண்டன்' என்று அர்த்தம். 700 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இருந்த நிலையில் அதைப் பார்க்கிறோம். பிரபஞ்சத்துக்கு அப்போது இன்றைய வயதில் பாதிகூட ஆகவில்லை. 2014-ல் ஹபிள் டெலஸ்கோப் மூலம் போட்ட எடை, சுமார் 3,000 லட்சம் கோடி சூரியன்கள். முன்பு போட்ட கணக்கைவிட 43 சதவீதம் அதிகம். அவ்வளவு சின்ன வயதில் பிரபஞ்சத்தால் இவ்வளவு பெரிய குண்டனை வளர்த்திருக்க முடியுமா என்ற கேள்வி பெரிதானது. பிறகு இன்னும் விரிவான படங்களை வைத்து 2021-ல் மறுபடி அளந்தபோது, எடை சுமார் 2,100 லட்சம் கோடி சூரியன்களாக இறங்கியது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் வந்தது. பெருவெடிப்பின் மிச்ச ஒளியை ஆராய்ந்த ஐரோப்பாவின் பிளாங்க் விண்கலம், பிரபஞ்சத்தில் எத்தனை பெரிய கொத்துகள் இருக்க வேண்டும் என்று கணிக்க உதவியது. ஆனால் அதே பிளாங்க் நேரடியாக எண்ணிப் பார்த்தபோது, எண்ணிக்கை குறைவாக இருந்தது. பிரபஞ்சம் பற்றிய கோட்பாடு தப்பா, அல்லது கொத்துகளின் எடையைக் குறைத்துப் போட்டுவிட்டோமா?

குக்கர் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. வாயு அடங்கி இருப்பதாக அது வைத்துக்கொள்கிறது. உள்ளே கொந்தளிப்பு இருந்தால், கணக்கில் வராத அழுத்தம் சேர்ந்து, எடை குறைத்துக் காட்டும். இதைச் சோதிக்க ஜப்பான் 2016 பிப்ரவரியில் ஹிட்டோமி செயற்கைக்கோளை அனுப்பியது. அடுத்த மாதமே அதன் தொடர்பு அறுந்துபோனது. ஆனால் அதற்குள் பெர்சியஸ் கொத்தின் மையப் பகுதியை அளந்து முடித்திருந்தது. அங்கே கொந்தளிப்பின் வேகம் நொடிக்கு சுமார் 164 கி.மீ. மட்டுமே. அதனால் சேரும் அழுத்தம் மொத்தத்தில் மிகச் சிறிய பங்குதான். ஹிட்டோமி விட்ட இடத்தில் இருந்து, 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட எக்ஸ்ரிசம் விண்கலம் வேலையைத் தொடர்கிறது.

இப்போது எங்கே நிற்கிறோம்?

2019-ல் ஏவப்பட்ட ஜெர்மனியின் இரோசிட்டா எக்ஸ்ரே டெலஸ்கோப்பின் முதல் தொகுப்பு 2024 தொடக்கத்தில் வெளியானது. அதில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொத்துகள் இடம்பெற்றன. அவற்றில் 5,259 கொத்துகளை வைத்துப் பிரபஞ்சக் கணக்கு போடப்பட்டது. இந்த முறை எக்ஸ்ரே எடையை மட்டும் நம்பவில்லை. வெளிச்சம் வளைவதை வைத்து எடையைச் சரிபார்த்த பிறகே கணக்கில் சேர்த்தார்கள். முடிவு, பெருவெடிப்பின் மிச்ச ஒளி சொன்ன கணிப்போடு பொருந்திப் போனது.

ஆனால் எல்லாம் முடிந்துவிடவில்லை. மிச்ச ஒளியை வைத்துக் கணக்கிட்டால் ஹபிள் மாறிலி சுமார் 67. சூப்பர்நோவாக்களை வைத்து அளந்தால் சுமார் 73. இந்த இழுபறி இன்னும் தீரவில்லை. கரும்பொருளின் எடை தெரிகிறது, அது இருக்கும் இடம் தெரிகிறது. ஆனால் அது எதனால் ஆனது என்பதற்கு இன்றுவரை விடை இல்லை.

1933-ல் ஒரே ஒரு தராசை வைத்து, தூரத்தில் 7 மடங்கு தவறோடு போட்ட கணக்கு இது. 90 ஆண்டுகளில் மூன்று தராசுகள் வந்து, ஒன்றின் தவறை இன்னொன்று திருத்தி, 400 என்ற எண்ணை அடித்துவிட்டன. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று ஜ்விக்கி சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் எந்தத் தராசாலும் அடிக்க முடியவில்லை.